மாலத்தீவு போன்ற சிறிய தீவு நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தை நியாயமாக நிர்ணயிப்பது எப்படி?

மாலத்தீவில் குறைந்தபட்ச ஊதியம் 2022 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. சிறு நிறுவனங்களுக்கு மாதம் 4,500 ருஃபியா, நடுத்தர நிறுவனங்களுக்கு 7,000, பெரிய நிறுவனங்களுக்கு 8,000, அரசுப் பணியாளர்களுக்கு 7,000 என்று அப்போது வகுத்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 208 மணி நேரம் வரும்; ஆகவே சிறு கடையில் வேலை செய்பவருக்கு மணிக்கு 21.63 ருஃபியாவும், பெரிய விடுதியில் இருப்பவருக்கு 38.46 ருஃபியாவும் கிடைக்கும்.

முதலாளியின் தாங்கும் திறனைப் பார்த்து இப்படிப் பிரித்ததில் நியாயம் உண்டு என்றாலும், அரிசி, மாவு, எரிபொருள் அனைத்தும் கப்பலில் வந்து இறங்கும் நாட்டில், சிறு கடை ஊழியரும் பெரிய விடுதி ஊழியரும் அவற்றை ஒரே விலைக்குத்தான் வாங்குகிறார்கள் என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மக்கள் வாழும் தலைநகர் மாலேயில் வீட்டு வாடகை சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. தொலைதீவுகளில் அந்தச் சுமை குறைவு. எனவே நிறுவனத்தின் அளவைவிட, தொழிலாளி வாழும் இடத்தின் வாடகையையும் உணவுச் செலவையும் அடிப்படையாக வைப்பதே சரி என்பது என் கருத்து.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஆணை மாலத்தீவுக் குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தியது. கட்டட வேலையிலும் மீன் பதப்படுத்தும் கூடங்களிலும் உழைக்கும் வங்கதேச, இந்திய, இலங்கைத் தொழிலாளர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற நிலை இருந்தால், உள்ளூர் இளைஞரை வேலைக்கு எடுக்க முதலாளி தயங்குவார். இரு தரப்புக்கும் ஒரே அடித்தள ஊதியம் இருந்தால்தான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் போகும்.