ஹோஸ்டிங்கை விடுங்கள், முதலில் படங்களைப் பாருங்கள்

ஐந்தே பக்கத் தளம் மொபைலில் திறக்க 10 விநாடி ஆகிறது, ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவையை) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கேமரா படங்களை அப்படியே ஏற்றியதாகச் சொல்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். 4000 பிக்சல் அகலப் படத்தை 400 பிக்சல் இடத்தில் காட்டினாலும் பிரவுசர் முழுக் கோப்பையும் இறக்கியே ஆக வேண்டும். அகலத்தில் 10 மடங்கு, உயரத்தில் 10 மடங்கு, ஆக அந்த இடத்துக்கு வேண்டியதைப்போல 100 மடங்கு பிக்சல் இறங்குகிறது. 800 அகலத்துக்குச் சுருக்கி (கூர்மையான மொபைல் திரைக்கும் அது போதும்) வெப்பி (WebP) என்ற, கோப்பைச் சிறிதாக்கும் பட வடிவில் சேமியுங்கள். பக்கத்தின் HTML நிரலில் ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும். கீழே வரும் படங்களுக்கு லேசி லோடிங் (வாசகர் அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை) போடுங்கள். முதல் திரையில் தெரியும் படத்துக்கு மட்டும் போடாதீர்கள், அது இன்னும் தாமதமாகும்.

முகப்பில் படங்கள் மாறி மாறி ஓடும் ஸ்லைடரா? என்னைக் கேட்டால் தூக்கிவிடலாம். நாலாவது படம்வரை காத்திருப்பவர் அபூர்வம்; அதை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ எல்லோருக்கும் இறங்குகிறது. எழுத்துருவில் இரண்டு தடிமன் (சாதாரணம், தடித்தது) போதும்; ஒவ்வொரு தடிமனும் பொதுவாகத் தனிக் கோப்பாக இறங்கும்.

அப்புறம் கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் சோதியுங்கள். முதல் திரையின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் வந்தால் சரி. சர்வர் பதில் தரவே ஒரு விநாடிக்கு மேல் ஆகிறதென்றால், அந்த எண்ணை இங்கே போடுங்கள், ஹோஸ்டிங் பற்றிப் பேசலாம்.