வாசலை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா? காரைக்குடிப் பழைய ஊரின் மக்கள்தொகை குறித்துக் கேள்வி பதில்

பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், 2001ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும், காரைக்குடியின் பழைய தெருக்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளராகச் சுற்றியவன் நான். அந்த அனுபவத்தை முன்னிட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சென்னையில் வசிக்கும் காரைக்குடிக்காரர்): 2011 கணக்கெடுப்பின்படி காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. ஊர் லட்சத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். ஆனால் விடுமுறைக்கு வரும்போது எங்கள் தெருவில் பகலிலேயே ஆள் நடமாட்டம் இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மைதான். ஊர் வளர்ந்தது, ஆனால் ஓரங்களில் வளர்ந்தது. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கியதும், அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டி அது 1953இல் திறக்கப்பட்டதும், ஊரின் எடையைப் பழைய மையத்திலிருந்து கல்லூரிச் சாலைப் பக்கமாக நகர்த்தின. செக்காலை, கழனிவாசல் என்று சம்பளக்காரர்களும் சிறு வியாபாரிகளும் மனை வாங்கிக் குடியேறினார்கள். கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில் புதிதாகக் கட்ட இடமும் இல்லை. இருப்பதை இடிக்கவோ விற்கவோ எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் கிடைப்பதில்லை. ஒரு ஊரின் மொத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதன் நடுப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது பக்கத்து ஊர்களில் எவை எல்லைக்குள் வந்தன என்று பார்த்துக்கொண்டுதான் இனி வரும் எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். எல்லை விரிந்ததால் கூடிய தலைகளை வளர்ச்சி என்று எழுதிவிடுவார்கள்.

கேள்வி (தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): செட்டிநாட்டு வீடு ஒன்றில் அண்ணன் தம்பிகள் நால்வர் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்றால், கணக்கில் அது ஒரு குடும்பமா, நான்கு குடும்பங்களா ஐயா?

பதில்: நான்கு. இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பம் என்பதன் அடையாளம் இரத்த உறவோ கூரையோ அன்று, பொதுச் சமையல். ஒரே அடுப்பில் சமைத்துச் சேர்ந்து உண்டு வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். இந்த வரையறையைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் திருமணமான மகனை 'வேறு வைப்பது' என்ற வழக்கம் அதைத்தான் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறது. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பின்கட்டில் ஒவ்வொரு மருமகளுக்கும் ஓர் அடுப்பு; நல்லது கெட்டதற்கு முகப்பும் பட்டாலை என்னும் பெரிய கூடமும் எல்லோருக்கும் பொது. கூட்டுக் குடும்பம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது, உள்ளே தனித்தனி வரவு செலவு.

களத்தில் இது எப்படிக் காலை வாரிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. 2011 பிப்ரவரியில் அப்படி ஒரு வீட்டின் முன் நின்றேன். தேக்குக் கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. திண்ணையில் வௌவால் எச்சம். நிலைக்கு மேலே கஜலட்சுமியின் கழுத்து வரை ஒட்டடை. ஆள் இல்லை என்று என் கைக்குறிப்பில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் பின் தெருவில் நடந்தபோது அதே வீட்டின் மூன்றாம் கட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. உள்ளே போனால் மூன்று அடுப்புகள்: காவலுக்கு இருக்கும் குடும்பம் ஒன்று, துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் அவருடைய தாயும், மர வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவி மக்களும். பதினொரு பேர். முன் தெருவில் பார்த்தால் அந்த வீடு செத்த வீடு. அன்று தாளிப்பு வாசனை வராமல் இருந்திருந்தால் பதினொரு பேரையும் விட்டிருப்பேன். அது என் பிழையாகவே இருந்திருக்கும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒருவர்): நகரத்தார் தங்களுக்குள் எடுக்கும் புள்ளிக் கணக்கும் அரசுக் கணக்கும் ஒத்துப்போகுமா?

பதில்: ஒத்துப்போகாது, போக வேண்டியதும் இல்லை. மணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. திருமணமாகாத பிள்ளைகள் அதில் தனியாக வருவதில்லை. அது கோயிலுக்கும் ஊருக்கும் யார் கடமைப்பட்டவர் என்பதைச் சொல்லும் கணக்கு. யார் எங்கே உறங்குகிறார் என்பதை அது கேட்பதில்லை. சிங்கப்பூரில் இருப்பவரும் இளையாத்தங்குடிக் கோயிலுக்கோ மாத்தூர்க் கோயிலுக்கோ உரிய புள்ளிதான். நாட்டரசன்கோட்டையில் தை மாதச் செவ்வாய்ப் பொங்கலன்று புள்ளிக்கு ஒரு பானை என்று கண்ணுடைய நாயகி கோயில் முன் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அன்றைய பானைகளை எண்ணினால் ஊருக்கு உரியவர்கள் எத்தனை என்று தெரியும். அடுத்த வாரம் அதே தெருவில் எரியும் அடுப்புகளை எண்ணினால் வேறொரு விடை வரும்.

கேள்வி (புதுவயலிலிருந்து): இந்தத் தெருக்கள் எப்போது காலியாகத் தொடங்கின? பர்மாப் போரால்தானே?

பதில்: போர் கடைசி அடி. அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. இளைஞர்கள் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று மூன்று ஆண்டுத் தவணையில் 'கொண்டுவிற்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய்வந்த காலத்தில், ஆண்கள் இல்லாவிட்டாலும் வீடுகள் நிறைந்திருந்தன. ஆச்சிமார்களும் பிள்ளைகளும் கணக்குப்பிள்ளைகளும் வேலையாட்களும் இருந்தார்கள். 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த அவர்கள் பங்கு, அடுத்த எட்டு ஆண்டுகளில் 25 விழுக்காடானது. வெளியிலிருந்து பார்க்கச் செல்வம். உண்மையில் பணமாக மாற்ற முடியாத முடக்கம். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942இல் ஜப்பானியர் நுழைந்தார்கள், 1960களில் அங்கே எல்லாம் தேசியமயமானது. பணம் வராதபோது முதலில் குறைந்தவர்கள் வேலையாட்கள். அடுத்து மில், வங்கி, படிப்பு என்று சென்னைக்கும் கோவைக்கும் போன மகன்கள். வீடு மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

கேள்வி: பெண்கள் எண்ணிக்கை இங்கே அதிகம் என்பது உண்மையா?

பதில்: மாவட்ட அளவில் உண்மை. 2011இல் சிவகங்கை மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள், மாநிலத்தில் 996. பெண்ணுக்கு இங்கே கூடுதல் மதிப்பு என்று இதற்குப் பொருள் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. வேலை தேடி வெளியேறும் ஆண்களின் இடம் காலியாக இருப்பதும் இதே எண்ணைத்தான் தரும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (கண்டனூரிலிருந்து ஒரு சமூகப் பணியாளர்): பழைய ஊரில் ஏழைகளே இல்லை என்பது போல அறிக்கைகள் பேசுகின்றன. பெரிய வீடுகள் நிறைந்த வார்டு என்பதால் உதவித் திட்டங்களில் எங்கள் பகுதி பின்னுக்குப் போகிறது.

பதில்: நீங்கள் சொல்வது வரையறையிலிருந்தே பிறக்கும் சிக்கல். குறைந்தது 300 பேர், அதாவது 60 முதல் 70 குடும்பங்கள் வரை, நெருக்கமாக வசதியின்றி வாழும் இடத்தை 2011 கணக்கெடுப்பு குடிசைப் பகுதியாக அடையாளம் கண்டது. நம் ஊரின் வறுமை அப்படிக் குவியலாக இல்லை. இந்த வீட்டுப் பின்கட்டில் இரண்டு குடும்பம், அந்த வண்டிக் கொட்டகையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. வசதிகளைப் பற்றிய கேள்விகளிலும் இதே மயக்கம்தான். தரை என்ன என்று கேட்டால் ஆத்தங்குடிக் கல், கூரை என்ன என்றால் ஓடு, சுவர் என்ன என்றால் செங்கல் என்று படிவம் நிரம்பும். அந்த ஓட்டின் வழியே மழை ஒழுகுவதும், நான்கு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை என்பதும் இந்தப் பதில்களில் தெரியாது. வார்டு வாரியாக வெளியாகும் அட்டவணையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை என்று இருக்கும். எழுபதைக் கடந்தவர்கள் எத்தனை என்று இருக்காது. தனியாக வாழும் முதியோர் மிகுந்த ஒரு பகுதிக்கு இதைவிடப் பெரிய குறை வேறில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பெண்களின் உழைப்பு கணக்கில் வருகிறதா?

பதில்: பாதி வருகிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவானவர் குறுகிய காலத் தொழிலாளர். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டபோது ஓர் அம்மா, "இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே துணியில் தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தார். அருகில் சீப்புச் சீடைக்கு மாவு, கடைக்கு எடைபோட்ட பொட்டலங்கள். "இதெல்லாம் வேலையா சார்?" என்று அவரே திருப்பிக் கேட்டார். தறியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் மனைவியின் கதையும் இதுவே. 

கேள்வி: பழைய வீடுகளை விடுதிகளாக்கினால் மக்கள் திரும்புவார்களா?

பதில்: விருந்தினர் வருவார்கள், குடியிருப்போர் வரமாட்டார்கள். ஆனால் வீடு நிற்கும், சிலருக்கு வேலை கிடைக்கும். இடித்துத் தூணையும் கதவையும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்புவதைவிட அது மேல்.

கேள்வி (பெங்களூரிலிருந்து): 2027 கணக்கெடுப்பு வருகிறது. எங்கள் வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் ஊருக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட அந்தக் கணக்கில் நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணப்படுவீர்கள். சொத்துரிமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை; பெயர் விட்டுப்போனால் பங்கு போய்விடும் என்று பங்காளிகள் பேசிக்கொள்வதைப் பொருட்படுத்தாதீர்கள். உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. பின்கட்டில் இருப்பவர்களிடம், வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்று அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்ளாமல் அனைவர் பெயரையும் கொடுக்கும்படி தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். முன்வாசல் பூட்டுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையையும் தொங்கவிடச் சொல்லுங்கள்: "ஆள் இருக்கிறது, பின் தெரு வழியாக வரவும்."