அமெரிக்காவில் டிரக் ஓட்டுநர் "இப்போது வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் வேலை போய்விடுமா?

போகலாம். ஆனால் முறையாக மறுத்தவரை அதற்காகவே நீக்கினால் அது சட்டவிரோதம். தரைவழிப் போக்குவரத்துக்கான 1982-ஆம் ஆண்டின் எஸ்டிஏஏ சட்டத்தின் 31105-ஆம் பிரிவு மறுப்பதற்கு இரண்டு வழி தருகிறது. ஓட்டினால் ஒரு பாதுகாப்பு விதி மீறப்படும் என்பது முதல் வழி. வண்டி இருக்கும் நிலையில் உங்களுக்கோ ரோட்டில் போகிறவர்களுக்கோ பலத்த காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சுவது இரண்டாவது. இந்த இரண்டாவதில்தான் சிக்கல்: கோளாறைச் சரிசெய்யச் சொல்லியும் கம்பெனி செய்யவில்லை என்று காட்டியாக வேண்டும். கேட்காமலேயே சாவியை வைத்துவிட்டுப் போனால் கேஸ் அங்கேயே பலவீனமாகிவிடும்.

அதனால் டிஸ்பாச்சரிடம் (கம்பெனியில் லோடு ஒதுக்கி வண்டியை அனுப்புகிறவர்) வெறுமனே "பயமாக இருக்கிறது" என்று சொல்லாமல், மத்திய அரசின் டிரக் பாதுகாப்பு விதியின் எண்ணைச் சொல்லுங்கள். பனி, மூடுபனி, புழுதி என்றால் 392.14, நிலைமை முற்றினால் ஓட்டுவதை நிறுத்தவே அந்த விதி சொல்கிறது. காய்ச்சல், தூக்கக் கலக்கம் என்றால் 392.3. நேரம் முடிந்துவிட்டது என்றால் 395.3: பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம்.

பிரேக்கில் சந்தேகம் என்றால் அளந்து சொல்லுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக் டேங்கில் காற்று முழுதாக நிரம்பியதும் எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பெடலை அழுத்தி மிதித்தபடி ஒரு நிமிடம் காற்றழுத்த கேஜைப் பாருங்கள். மிதித்தவுடன் இறங்குவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; அதன்பிறகு டிரெய்லர் மாட்டிய வண்டியில் 4 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்தால் கசிவுதான். முன் டயரின் பட்டன் ஆழம் 4/32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. "முன் இடது டயர் 3/32" என்று போட்டோவோடு போகும் ஒரு மெசேஜுக்கு முன்னால் அரை மணி நேரப் போன் சண்டை ஒன்றுமே இல்லை. தினசரி வண்டி ஆய்வு அறிக்கையிலும் அதையே எழுதுங்கள். மெசேஜின் கடைசி வரி "சரிசெய்ததும் கிளம்புகிறேன்" என்று இருக்கட்டும். கோபத்தில் "வேலையே வேண்டாம்" என்று தட்டிவிட்டால் கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போகலாமா? 2009 ஜனவரியில் இல்லினாயில் ஒருவர் அப்படிப் போனார். டிரெய்லர் பிரேக் உறைந்துவிட்டது, கேபினில் ஹீட்டரும் இல்லை. கம்பெனி நீக்கியது, "அவர் எங்கே ஓட்ட மறுத்தார், ஓட்டிக்கொண்டுதானே போனார்" என்று வாதாடியது. 2016-இல் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர் பக்கம் நின்றது. ஆனால் அந்த அமர்வில் இருந்த, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான நீல் கோர்சச் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஆகவே கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீக்கிவிட்டால் 180 நாளுக்குள் ஓஷாவில் (மத்திய அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு) புகார் தர வேண்டும். போனில் சொன்னாலும் எடுத்துக்கொள்வார்கள். ஷிப்பரோ (சரக்கு அனுப்புகிறவர்) புரோக்கரோ விதியை மீறி ஓட்டச் சொல்லி மிரட்டினால் 390.6-ஆம் விதியின் கீழ் 90 நாளுக்குள் எஃப்எம்சிஎஸ்ஏவிடம் (டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பு) போகலாம். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்: எஃப்எம்சிஎஸ்ஏ அபராதம் போடும், அவ்வளவுதான். போன வேலையும் சம்பளப் பாக்கியும் ஓஷா வழியாகத்தான் திரும்ப வரும்.