பென்ஷன் கேள்வி–பதில்: கஜானாவில் இருப்பதும் கைக்கு வருவதும்

நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி ஊழியர்களின் ஓய்வூதியம் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

"எங்க ஊரில் வீட்டு வரி கேட்டு ஆள் வருகிறது, சாக்கடை அள்ள ஆள் இல்லை. கேட்டால், வரிப்பணம் சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே சரியாகிவிடுகிறது என்கிறார்கள். நிஜமா?" – வாசகர், திருமங்கலம்

பாதி நிஜம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியரிடம் ஓய்வூதியத்துக்கென்று ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை. (ஜி.பி.எஃப். வேறு, அது அவருடைய சொந்தச் சேமிப்பு.) வேலை பார்க்கும் காலத்தில் பணத்தைத் தனியாக ஒதுக்கி வட்டியோடு வளர்ப்பதும் இல்லை. ஓய்வு பெற்றவருக்கு அந்தந்த ஆண்டின் வருமானத்திலிருந்தே தர வேண்டியிருக்கிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவருக்கு, பிறகு அவருடைய துணைக்குக் குடும்ப ஓய்வூதியம். 80 வயதைத் தாண்டினால் கூடுதலாக 20 சதவீதம்.

செலவின் வேகத்தையும் வரவின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகவிலைப்படி ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறுகிறது. சொத்து வரியோ, சென்னை தவிர்த்த ஊர்களில் 2008க்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் மாற்றப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே அடியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதமும் ஏற்றினால் வரி கட்டுகிறவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பாரத்தைக் குறைக்க எடுத்த வழிகளில் பெரியது 2003 ஏப்ரல் 1. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள், அதாவது சி.பி.எஸ்.ஸுக்குள் வந்தார்கள். அடுத்தது ஓய்வு வயது: 2020இல் 58லிருந்து 59, 2021இல் 60. பணிக்கொடையையும் கம்யூட்டேஷன் தொகையையும் (ஓய்வூதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே வாங்கும் தொகை) மொத்தமாகக் கொடுக்க வேண்டிய நாள் இதனால் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது, அவ்வளவுதான். கொரோனாக் காலத்தில் அகவிலைப்படியை 17 சதவீதத்தில் நிறுத்திவைத்தார்கள். 2022 ஜனவரியில் 31 ஆக்கினார்கள், இடைக்கால நிலுவை கிடையாது.

சத்தமில்லாமல் நடந்த வழி இன்னொன்று: காலியான இடத்தை நிரப்பாமல் விட்டு, வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது. உங்கள் தெருவில் ஆள் இல்லாததற்குப் பென்ஷனைக் காரணம் சொல்பவர்கள், இந்த முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரிபார்க்க ஆசையிருந்தால், மாநகராட்சி என்றால் பட்ஜெட்டில் வருவாய் நிதி, குடிநீர்–வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என மூன்று கணக்கும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, கடந்த மூன்று ஆண்டில் நிர்வாகம் கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்களிப்பு எவ்வளவு, கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் கட்டவில்லை" என்று எழுதிவிட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள்.

"அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? அம்மாவுக்குப் பென்ஷன் உண்டா?" – வாசகி, ஆரப்பாளையம்

எடுக்க வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தப் பணியாளருக்கு மாநகராட்சி ஓய்வூதியம் கிடையாது. அவருக்கு உள்ளது பி.எஃப்.போடு ஒட்டியிருக்கும் இ.பி.எஸ். ஓய்வூதியம் மட்டுமே. சம்பளம் 12,000 ரூபாய் என்றால் அவரிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,440 ரூபாய். காண்ட்ராக்டரும் அதே அளவு கட்ட வேண்டும். அந்த இரண்டாவது 1,440இல், சம்பளத்தின் 8.33 சதவீதமான 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும், மீதி 440 ரூபாய் பி.எஃப்.புக்கும் போகும். இரண்டு பங்கையும் தொழிலாளியின் கூலியிலேயே கழிப்பது சட்டப்படி குற்றம். சம்பளச் சீட்டில் 2,880 பிடித்தம் என்று இருந்தால் அதுதான் நடக்கிறது.

58 வயதில் ஓய்வூதியம் வர பத்து ஆண்டுப் பணி வேண்டும். ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். கணக்கு: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 12,000 சம்பளம், 12 ஆண்டுப் பணி என்றால் மாதம் 2,057 ரூபாய். குறைந்தபட்சம் 1,000. அதே தெருவைக் கூட்டி, பழைய திட்டத்தில் ஓய்வு பெற்ற நிரந்தர ஊழியருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியமே 7,850. 2025 ஜூலையின் 58 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் 12,403. ஒப்பந்த முறை உள்ளாட்சிக்கு எதை மிச்சப்படுத்துகிறது என்பதை 2,057, 12,403 என்ற இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். காண்ட்ராக்டர் மாறும்போது படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால், அதுவரையிலான பணிக்காலம் அழிந்துபோகும். மூன்று மூன்று ஆண்டாக நான்கு காண்ட்ராக்டர்களிடம் 12 ஆண்டு வேலை பார்த்தும் பென்ஷன் இல்லாமல் போவது இப்படித்தான். யு.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். புது காண்ட்ராக்டர் புது எண் போட்டிருந்தால் பழையதோடு படிவம் 13 மூலம் இணைக்க வேண்டும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பி.எஃப். பகுதியில் முன்பணம் வாங்கலாம். ஓய்வூதியப் பகுதியைத் தொடக்கூடாது.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவது பெயர்: ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும், பி.எஃப்.பில் இனிஷியல் மட்டும் இருக்கும். இதை வேலையில் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். காண்ட்ராக்டர் போன பிறகு ஒப்புதல் தர ஆள் இருக்காது. இரண்டாவது, பழைய காண்ட்ராக்டர் வேலையை விட்ட தேதியைப் பதியாமல் போயிருப்பார். கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையத்தில் பதியலாம்.

பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். மூன்று மாதம் ஏறவில்லையென்றால் சொக்கிகுளம் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சி அமைப்பே பொறுப்பு. மனுவில் அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

"1990 முதல் தினக்கூலி, 2000இல் நிரந்தரம். தினக்கூலிக் காலம் பென்ஷனுக்குச் சேருமா?" – வாசகர், உசிலம்பட்டி

பாதி சேரும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 11வது விதிப்படி தினக்கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம் பெற்ற காலத்தில் பாதியைத் தகுதியான பணிக்காலமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2003 ஏப்ரல் 1க்கு முன்பே நிரந்தரம் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்குப் பத்தில் ஐந்து ஆண்டு கிடைக்க வேண்டும். ஒரு மாதம் பிந்தி நிரந்தரம் ஆனவர்கள் சி.பி.எஸ்.ஸில் நின்றுபோனார்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு இந்தத் தேதி மிகவும் பழக்கம்.

தினக்கூலி நாள்களுக்கான ஆதாரத்தைத் தேடும் வேலைதான் கடினம். பழைய மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), கூலிப் பட்டியல், நிரந்தரம் ஆக்கிய ஆணையில் "இத்தனாம் தேதியிலிருந்து பணிபுரியும்" என்ற வரி, இவற்றின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கிவையுங்கள்.

"கடைசிச் சம்பளம் 50,000, பணி 26 ஆண்டு. கையில் எவ்வளவு வரும்?" – வாசகர், வாடிப்பட்டி

பழைய திட்டம் என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு வேண்டும். உங்களுக்கு 52. சம்பளத்தில் பாதி 25,000. அதை 52ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 21,667. மூன்றில் ஒரு பங்கை, 7,222 ரூபாயை, கம்யூட்டேஷனாக விட்டுக்கொடுத்து மொத்தத் தொகை வாங்கினால் மீதி 14,445. அகவிலைப்படியை இந்தக் குறைந்த தொகைக்குத்தான் போடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 21,667க்கே போடுவார்கள். 2025 ஜூலையின் 58 சதவீதப்படி 12,567. ஆக மாதம் 27,012. விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டில் திரும்ப வரும். அந்தத் தேதியை வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

"சி.பி.எஸ். கணக்குச் சீட்டில் சில மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. பெரிய நஷ்டமா?" – வாசகி, திருப்பரங்குன்றம்

சிறியதாகத் தெரியும், சிறியது அல்ல. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 30,000 என்றால் உங்கள் 10 சதவீதம் 3,000, நிர்வாகத்தின் பங்கு 3,000. ஒரு மாதத்து 6,000 விடுபட்டு, 7.1 சதவீத வட்டியில் இருபது ஆண்டு ஓடினால் இழப்பு சுமார் 23,600.

விடுபடுவது பெரும்பாலும் இடமாறுதல் மாதத்திலும், ஊதிய நிலுவையைத் தனிப் பட்டியலாகக் கொடுத்த மாதத்திலும்தான். உள்ளாட்சிகளில் கூடுதலாக ஒரு சிக்கல்: சம்பளத்தில் பிடித்த பணம் உரிய கணக்குக்குப் போகாமல் அலுவலகக் கணக்கிலேயே தங்கிவிடலாம். நிதி நெருக்கடியில் இருக்கும் அலுவலகத்துக்கு அது வட்டியில்லாக் கடன் மாதிரி. சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கி, பிடித்தம், சீட்டில் ஏறியது, வித்தியாசம் என்று பட்டியல் போடுங்கள். பட்டியல் எண், வவுச்சர் எண், தேதி மூன்றையும் குறித்து, சம்பளம் வழங்கும் அலுவலரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வவுச்சர் எண் இல்லாத மனு மேசையிலேயே கிடக்கும்.

2026 ஜனவரியில் மாநில அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், 10 சதவீதப் பிடித்தத்தைத் தொடர்ந்தபடியே கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னது. அதை நம்பிக் கணக்குச் சீட்டை மறந்துவிடாதீர்கள். எந்தத் திட்டம் வந்தாலும் பங்களிப்புப் பதிவு சுத்தமாக இருப்பவர்தான் அலையாமல் தப்பிப்பார்.

"மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே நகரங்கள் திவாலாகிப் பென்ஷனை வெட்டினார்களாமே. மதுரையிலும் நடக்குமா?" – வாசகர், கே.கே. நகர்

வெட்டினார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. போலீஸ், தீயணைப்புத் துறை தவிர்த்த ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் குறைந்தது, ஆண்டுதோறும் கிடைத்த விலைவாசி உயர்வும் நின்றது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர் 2011இல் திவாலானபோது சிலருக்கு 55 சதவீதம் வரை போனது. உங்கள் மகள் இருக்கும் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரம் ஓய்வூதியத்தைத் தொடவில்லை. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவச் சலுகையை எடுத்துவிட்டது. 2013 ஜனவரியிலிருந்து அந்த மாநிலம் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் சலுகையைக் குறைத்தது; நம் 2003 முடிவைப் போலத்தான். இல்லினாய்ஸ் மாநிலம் பழையவர்களுடையதிலேயே கைவைத்தது. ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருப்பதால் 2015இல் அதன் உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளிவிட்டது.

இங்கே மாநகராட்சி திவால் மனு போட வழியில்லை. ஓய்வூதியம் அரசு இரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, ஊழியரின் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17இல் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பு அதை உறுதிசெய்தது; அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே தொகையில் கைவைப்பது கடினம். தேதியில் கைவைப்பது எளிது: பணிக்கொடை தாமதம், அகவிலைப்படி நிலுவை, "நிதி வந்ததும்" என்ற பதில். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றி.

"ஓய்வு பெற ஓராண்டு இருக்கிறது. இப்போதே செய்ய வேண்டியது?" – வாசகர், மேலூர்

பணிப்பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். சம்பளமில்லா விடுப்பு, தற்காலிகப் பணிநீக்கக் காலம் ஆகியவற்றுக்கு முறைப்படுத்திய ஆணை ஒட்டியிருக்கிறதா? ஒவ்வோர் ஆண்டும் பணி சரிபார்க்கப்பட்டதாகக் கையொப்பம் இருக்கிறதா? நகராட்சி ஊழியரின் ஓய்வூதிய முன்மொழிவு மாநிலக் கணக்காயரிடம் போகாது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்குப் போகும். பத்தாண்டுக்கு முன் ஊதிய நிர்ணயத்தில் விழுந்த தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபம்) அங்கே எழுந்து நிற்கும், கூடுதலாகப் பெற்றதைப் பணிக்கொடையில் பிடிக்கச் சொல்லும். தடைக்கு இப்போதே பதில் எழுத வைத்து, நீக்கிய ஆணையின் நகலைப் பதிவேட்டோடு தைக்கச் சொல்லுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவேட்டிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.