வாங்குபவருக்கு வயது 46, குடிவரப்போகும் அம்மாவுக்கு 73: சங்கம் விற்பனையைத் தடுக்க முடியுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நானும் என் மனைவியும் 2021-ல் நியூஜெர்ஸியில், 55 வயது நிறைந்தவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினோம். எனக்கு 68, அவளுக்கு 64. அவளுக்கு பார்க்கின்சன்ஸ் வந்துவிட்டதால், டெக்சஸில் இருக்கும் மகளுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று வீட்டை விற்கிறோம். கோயிலில் பழக்கமான ஒரு தம்பி, 46 வயது, தன் அம்மாவைக் குடிவைக்க வாங்குகிறார். அம்மாவுக்கு 73. கான்ட்ராக்ட் போட்டு, இரண்டு பக்க வக்கீல்களும் பார்த்து முடித்து, முன்பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது குடியிருப்பை நடத்தும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து, "வாங்குபவருக்கு 55 ஆகவில்லை, அனுமதி தர முடியாது" என்று இமெயில் வந்திருக்கிறது. கிளப்ஹவுஸில் ஒருவர் என் மனைவியிடமே, "உங்கள் ஆட்களில் ஒருவர் வந்தால் குடும்பமே வந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவள் அன்று இரவு சாப்பிடவே இல்லை. இந்த விற்பனையைக் கைவிட்டுவிடுவதா? மாநிலத்தை விட்டுப் போனால் எக்ஸிட் டாக்ஸ் என்று பெரிய தொகை பிடிப்பார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்:

கைவிடாதீர்கள். இந்த ஒரு இமெயிலை மட்டும் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் யார் குடியிருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. உங்கள் சங்க அலுவலகம் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 55 வயது விதி எந்தச் சட்டத்திலிருந்து வருகிறதோ, அந்தச் சட்டம் குடியிருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறது.

1968-ல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்றது. 1988-ல் அதைத் திருத்தி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்பதற்காகவும் மறுக்கக் கூடாது என்றார்கள். அப்படியே விட்டிருந்தால் முதியோர் குடியிருப்புகள் எதுவும் இயங்கியிருக்க முடியாது. அதனால் அவற்றுக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். 1995-ல் அந்த விலக்கின் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். இன்று நிபந்தனை இதுதான்: ஆள் குடியிருக்கும் வீடுகளில் 100-க்கு 80-லாவது, 55 நிறைந்த ஒருவராவது வசிக்க வேண்டும். இது முதியோருக்கான இடம் என்பதைச் சங்கம் தன் விதிகளிலும் நடைமுறையிலும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். குடியிருப்பவர்களின் வயதை ஆவணம் பார்த்துச் சரிபார்த்து, அந்தக் கணக்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும்.

உரிமையாளருக்கு 55 ஆகியிருக்க வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. 73 வயது அம்மா அங்கே வசித்தால், ஃபெடரல் சட்டத்தின் கணக்கில் அது தகுதியுள்ள வீடுதான், வீட்டுப் பத்திரமான டீடில் மகன் பெயர் மட்டும் இருந்தாலும்.

உங்கள் மாநிலத்திலேயே இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓஷன் கவுன்டியில் பெர்க்லி டவுன்ஷிப் என்ற உள்ளாட்சி, முதியோர் குடியிருப்புகளில் வீடு வாங்குபவருக்கே 55 ஆகியிருக்க வேண்டும் என்று ஆர்டினன்ஸ், அதாவது உள்ளூர்ச் சட்டம், போட்டது. வீட்டு விற்பனை முகவர்களான ரியல்டர்களின் மாநில அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. சட்டம் கொடுத்த விலக்கு குடியிருப்பதற்குத்தான், உரிமையாளராவதற்கு அல்ல என்று சொல்லி, 2024-ல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆர்டினன்ஸைச் செல்லாததாக்கியது. உங்கள் வக்கீல் எழுதப்போகும் கடிதத்தில் இந்தத் தீர்ப்பு இடம்பெற வேண்டும்.

ஆனால் இதை வைத்தே வென்றுவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வழக்கு டவுன்ஷிப் போட்ட விதியைப் பற்றியது. உங்கள் சங்கம், "எங்களுடையது அரசு விதி இல்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம்" என்று வாதாடலாம். ஆகவே எல்லாம் இப்போது ஒரு ஆவணத்தில் வந்து நிற்கிறது: உங்கள் குடியிருப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய டெக்ளரேஷன். அடுக்குமாடி போன்ற காண்டோ என்றால் அதை மாஸ்டர் டீட் என்பார்கள். வாங்கும்போது தடியான ஒரு கட்டாகக் கொடுத்திருப்பார்கள். பலரும் அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தொலைந்துபோயிருந்தாலும் கவலையில்லை, கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்து எடுங்கள்.

அதில் வயதைப் பற்றிய பத்தியை எடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். "குடியிருக்க வேண்டும்" என்ற பொருளில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் மிகவும் வலுவானது. டெக்ளரேஷனில் இல்லாத ஒரு தடையை அலுவலக மேனேஜர் இமெயிலில் உண்டாக்க முடியாது. சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு போடுகிற சாதாரண விதிகளும் டெக்ளரேஷனை மீறக் கூடாது. "உரிமையாளர்களில் ஒருவராவது 55 நிறைந்தவராக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் வேலை கொஞ்சம் கூடும். பெர்க்லி தீர்ப்பை வைத்து வாதாடலாம். அல்லது, வாங்குபவர் தன் அம்மாவையும் கூட்டு உரிமையாளராகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழி எளிதாகத் தெரியும், ஆனால் அதை அவருடைய வக்கீல்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பின்னாளில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டில் முதியோர் பராமரிப்பு தேவைப்பட்டால், அவர் பெயரில் இருக்கிற சொத்தையும், முந்தைய 5 ஆண்டுகளில் அவர் பிறருக்கு மாற்றிக்கொடுத்ததையும் பார்ப்பார்கள். உங்கள் விற்பனை நடக்க வேண்டும் என்பதற்காக அந்த அம்மா அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டில் எப்படி எழுதியிருந்தாலும் அடுத்த படி ஒன்றுதான். அலுவலகத்தோடு இமெயிலில் வாதாடுவதை நிறுத்துங்கள். உங்கள் வக்கீல் சங்கத்தின் வக்கீலுக்கு எழுதட்டும்: எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள், அதன் வாசகம் என்ன, முடிவெடுத்தது போர்டா அலுவலகமா என்று எழுத்தில் கேட்கட்டும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட மறுப்புகளில் பல இந்தக் கடிதத்தோடு கரைந்துபோயிருக்கின்றன. கரையாவிட்டால், உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் வரும் தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்க்க ஒரு நியாயமான வழியைச் சங்கமே வைத்திருக்க வேண்டும் என்பது நியூஜெர்ஸி சட்டம். அதைக் கேளுங்கள். இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், விற்பனையை முடித்து வீட்டைக் கைமாற்றும் குளோசிங் தேதியைத் தள்ளிவைக்க இரு தரப்பும் இன்றே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். கோயில் பழக்கம், வாய்வார்த்தை போதும் என்று விடாதீர்கள். தேதி தவறினால் நல்ல மனிதர்களும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடும் நிலை வரும்.

அம்மாவின் வயதுச் சான்றையும் இப்போதே தயார் செய்யச் சொல்லுங்கள். டிரைவிங் லைசென்ஸ்தான் வேண்டும் என்று சில அலுவலகங்களில் அடம்பிடிப்பார்கள். ஃபெடரல் விதி அப்படிச் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கிரீன் கார்டு போன்ற குடியேற்ற அட்டை, பிறந்த தேதி இருக்கிற வேறு நாட்டு அரசு ஆவணம், எல்லாமே ஏற்கத்தக்கவை. நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதி ஒன்று, ஜாதகத்தில் இருக்கிற தேதி ஒன்று. 73 வயதுக்காரருக்கு அந்த ஓரிரு ஆண்டு வித்தியாசம் தகுதியைப் பாதிக்காது. ஆனால் சங்கத்துக்கு ஒரு தேதி, பேங்குக்கு ஒரு தேதி என்று போகக் கூடாது. பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் கொடுக்கட்டும். அம்மா குளிர்காலத்தில் ஊருக்குப் போய் வருவார் என்றால் அதிலும் தவறில்லை. கடந்த ஓராண்டுக்குள் அங்கே வசித்து, திரும்பி வரும் எண்ணமும் இருந்தால், அவர் ஊரில் இருக்கும் மாதங்களிலும் அந்த வீடு அவர் குடியிருக்கும் வீடாகவே கணக்கில் வரும். ஆனால் அவர் விசிட்டர் விசாவில் வந்து போகிறவர் என்றால் நிலைமையே வேறு. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதாக அவர் கையெழுத்துப் போட முடியாது. இதை அந்தத் தம்பியிடம் நீங்கள் இன்னும் கேட்டிருக்கமாட்டீர்கள். கேளுங்கள்.

மகன் கடன் வாங்கித்தான் வாங்குகிறார் என்றால், "அம்மாவுக்காக வாங்குகிறேன்" என்று பேங்கில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். தானே குடியிருக்கப்போவதாகப் பேங்கிலும், அம்மா குடியிருப்பார் என்று சங்கத்திலும் எழுதிக்கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். அப்படிச் செய்யத் தேவையும் இல்லை. வேலை செய்ய முடியாத, அல்லது சொந்த வருமானத்தில் கடன் கிடைக்காத பெற்றோருக்காகப் பிள்ளை வாங்கினால், அதை உரிமையாளர் குடியிருக்கும் வீடாகவே, பேங்குகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதி ஏற்கிறது.

உங்களிடம் அந்தத் தம்பி ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்பார்: அம்மா காலத்துக்குப் பிறகு நான் அங்கே இருக்கலாமா? "100-க்கு 20 வீடு இளையவர்களுக்கு உண்டே, பார்த்துக்கொள்ளலாம்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்த 20 யாருக்கும் உரிமை இல்லை. கணவர் இறந்தபின் 50 வயது மனைவி தனித்து நிற்பது, உடனிருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் தங்குவது போன்ற நிலைகளில் சங்கத்தின் விலக்கு போய்விடாமல் இருக்க வைத்த இடைவெளி அது. அதை யாருக்கும் தர மாட்டோம், எல்லா வீட்டிலும் 55 நிறைந்தவர் இருந்தே ஆக வேண்டும் என்று சங்கம் கண்டிப்பாக இருக்கலாம், சட்டம் தடுக்காது. அவர் வீட்டுக்கு உரிமையாளராக நீடிக்கலாம், விற்கலாம், டெக்ளரேஷன் அனுமதித்தால் 55 நிறைந்தவருக்கு வாடகைக்கு விடலாம். 55 ஆகும்வரை தானே குடியேறுவது சங்கத்தின் கையில்தான். நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்கிற ஒரு உறுதிமொழி, நாளை உங்கள் மேலேயே வழக்காக வரலாம்.

இனி, உங்கள் மனைவியிடம் சொன்ன அந்தச் சொல். அதைப் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. சட்டப்படி சொல்கிறேன்: முதியோர் குடியிருப்புக்குக் கிடைத்த விலக்கு, பிள்ளைகள் உள்ள குடும்பம் என்ற ஒன்றுக்கு மட்டுமே. இனமோ மதமோ பூர்வீக நாடோ பார்த்து மறுக்க 55 வயது பலகை எந்த உரிமையும் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பேசியதை வைத்து மட்டும் சங்கத்தின் மேல் வழக்கு நிற்காது. பேசியவர் போர்டில் இருக்கிறாரா, இதே மாதிரி பிள்ளை பெயரில் வாங்கி அப்பா, அம்மா குடியிருக்கும் வேறு வீடுகள் அங்கே இருக்கின்றனவா, அவற்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டு உங்களுக்கு மட்டும் மறுக்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்தால் நிற்கும். என்றைக்கு, எங்கே, யார், என்ன வார்த்தை, உடன் யார் இருந்தார் என்று இன்றே எழுதி வையுங்கள். மாநில சிவில் ரைட்ஸ் பிரிவில் புகார் கொடுக்க 180 நாள், ஃபெடரல் வீட்டுவசதித் துறையான ஹட்டில் 1 ஆண்டு, ஃபெடரல் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போக 2 ஆண்டு.

இதே சட்டம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது. கோயில் வாட்ஸ்அப் குழுவில் வீட்டு விளம்பரம் போடுகிறவர்கள் "நம்மவர்களுக்கு மட்டும்", "வெஜிடேரியன் இந்துக் குடும்பத்துக்கு" என்றெல்லாம் எழுதுவதை நான் பார்க்கிறேன். மதமோ பூர்வீக நாடோ குறிப்பிட்டு வீட்டு விளம்பரம் செய்வது, சொந்த வீட்டைத் தானே விற்பவருக்கும் தடைதான். நீங்கள் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் தேடும்.

எக்ஸிட் டாக்ஸ் என்று தனியாக ஒரு வரி கிடையாது. மாநிலத்தை விட்டுப் போகிறவர் வீடு விற்கும்போது, வரக்கூடிய வருமான வரியை முன்கூட்டியே பிடித்து வைக்கிறார்கள். லாபத்தில் 10.75 சதவீதம், ஆனால் விற்பனை விலையில் 2 சதவீதத்துக்குக் குறையாமல். வரி அவ்வளவு இல்லை என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். உங்களுக்கு அந்தச் சுற்றே வராது என்று நினைக்கிறேன். 2021-லிருந்து அதுதான் உங்கள் முதன்மை வீடு. கடைசி 5 ஆண்டில் 2 ஆண்டாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்தால், தம்பதியாக 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு ஃபெடரல் வரி இல்லை; அந்த விலக்கைக் காட்டி ஜிஐடி ரெப்-3 என்ற படிவத்தில் கையெழுத்திட்டால் குளோசிங்கில் எதுவும் பிடிக்கமாட்டார்கள். நடுவில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். வீடு கைமாறும்போது விற்பவர் மாநிலத்துக்குக் கட்டும் ரியல்டி டிரான்ஸ்ஃபர் ஃபீஸில் 62 நிறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. நீங்கள் இருவருமே தகுதியானவர்கள். ஆனால் விற்கும் நேரத்தில் நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், நியூஜெர்ஸிவாசியாகவும் இருக்க வேண்டும். மனைவியின் மருத்துவத்துக்காக முன்னாலேயே டெக்சஸ் போய், அங்கே லைசென்ஸ் மாற்றி, வாக்காளராகவும் பதிந்துவிட்டால் அந்தச் சலுகை கைநழுவிப் போகலாம். அவர் உடல்நிலை அனுமதித்தால் குளோசிங் முடிந்தபின் புறப்படுங்கள். காத்திருக்க முடியாது என்றால் சலுகையை விட்டுவிடுங்கள், அவருடைய சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அப்போது உங்கள் வக்கீலிடம் பவர் ஆஃப் அட்டார்னி கொடுத்துவிட்டுப் போங்கள், இருவர் கையெழுத்தோடும், அவரால் தெளிவாகக் கையெழுத்துப் போட முடிகிற இந்த நாட்களிலேயே.