கிணற்றுத் தண்ணீரும் கழற்றி வீசிய தேர்மோஸ்டற்றும்: எஞ்சின் கேள்வி-பதில்

கச்சான் காற்று தொடங்கினால் எஞ்சின் கொதித்த கடிதங்கள்தான் கூடுதலாக வரும். இம்முறையும் அப்படித்தான். ஆனால் பாதிப் பேர் வாகனத்தின் மொடலை எழுதவில்லை. “கார் சூடாகுது, என்ன செய்யலாம்” என்று ஒற்றை வரியில் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? மொடல், எஞ்சின் இலக்கம், எத்தனை கிலோமீற்றர் ஓடியது, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்ற நான்கையும் எழுதுங்கள்.

களுவாஞ்சிகுடி வாசகர்: காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை வருகிறது. இரண்டு நாளைக்கு ஒருதரம் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட்டை வீட்டில் வைத்து நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் புளொக்குக்கும் நடுவில் அடைக்கிற அந்தத் தகடு, கேஸ்கட்தான் போனது என்று உங்களுக்கு யார் சொன்னது? வோட்டர் பம்ப் கசிந்தாலும், ஹோஸ் வெடித்திருந்தாலும் தண்ணீர் குறையும். முதலில் அவற்றைப் பாருங்கள்.

பிறகு விடியற்காலையில், எஞ்சின் முழுதாக ஆறிக் கிடக்கும்போது ரேடியேற்றர் மூடியைக் கழற்றித் தண்ணீரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வரும், அது உள்ளே அடைபட்ட காற்று. சில நிமிடத்தில் அது நின்றுவிட வேண்டும். நிற்காமல், அக்சிலரேட்டரை அழுத்த அழுத்தக் குமிழி கூடி வந்தால் சிலிண்டர் காற்றுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் கிடைத்தால் அதையும் பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கும்.

ஹெட்டை இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை. அடிமுகத்தைச் சுத்தமாக்கி, நேர்விளிம்புச் சட்டத்தை நீளம், அகலம், மூலைக்கு மூலை என்று வைத்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.05 மில்லிமீற்றர் தகடு உள்ளே போனால் ஹெட் வளைந்துவிட்டது, லேத்துக்குக் கொடுத்து முகம் மட்டமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் புதுக் கேஸ்கட் போடுகிறவர்கள் மூன்று மாதத்தில் திரும்பவும் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

ஒரு காட்போட் மட்டையில் ஹெட்டின் வடிவத்தைக் கீறி, ஒவ்வொரு போல்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கராஜில் இரண்டு நாள் வேலை. முதல்முறை செய்கிற உங்களுக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போடுங்கள்.

கல்முனை வாசகர்: டொயோட்டா 1என்இஸட் எஞ்சின். ஹெட் போல்டைக் கைக்கணக்கில் இறுக்கினால் போதாதா? டோர்க் ரெஞ்ச் வாங்கத்தான் வேண்டுமா?

போதாது. எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டுவது டோர்க் ரெஞ்ச்தான். வாங்க முடியாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் எடுங்கள். அந்த எஞ்சினுக்கு நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் பத்துப் போல்டையும் முதலில் 29 நியூட்டன் மீற்றர் இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் 90 பாகை, திரும்ப ஒரு 90 பாகை. போல்டின் தலையில் பெயின்ட் பொட்டு வைத்தால் திருப்பிய அளவு கண்ணுக்குத் தெரியும். போல்ட் இறங்கும் துளைகளில் தண்ணீரோ ஒயிலோ தேங்கி நிற்கக் கூடாது. தேங்கியதின் மேல் போல்டை இறுக்கினால் புளொக்கே வெடிக்கும். கழற்றும்போது வரிசை எதிர்ப்பக்கம்: வெளியிலிருந்து நடுவுக்கு, அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு மட்டும்.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: கொரோலா 110, 5ஏ எஞ்சின். புளக் வயர் நான்கையும் அடையாளம் வைக்காமல் கழற்றிவிட்டேன். இப்போது ஸ்டார்ட் ஆகுதில்லை.

சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-4-2. டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்காமல் வயரைக் கழற்றாதே தம்பி.

அக்கரைப்பற்று வாசகர்: அண்ணன், ஒன்றரை வருடத்துக்குள் ஹெட் கேஸ்கட் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. திரும்பவும் கொதிக்கிறது. எங்கட வெயிலுக்குத் தேவையில்லை என்று தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம்.

உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு பதிலும் இருக்கிறது. இதை நான் எத்தனை தரம் எழுதினாலும் போதாது, ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேர்மோஸ்டற். அது குளிர் நாட்டுக்காரருக்கு வைத்த சாமான் என்ற பேச்சு பொத்துவிலிலிருந்து வாகரை வரை கராஜுக்குக் கராஜ் நடக்கிறது. தவறான பேச்சு. எஞ்சின் எண்பது பாகைக்கு மேல் சூடேறினால்தான் ஒயில் சரியாக ஓடும், பெற்றோல் சரியாக எரியும். அந்தச் சூட்டுக்கு எஞ்சினைச் சீக்கிரம் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதுதான் தேர்மோஸ்டற்றின் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. பல ஜப்பான் எஞ்சின்களில் அதன் அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். தேர்மோஸ்டற் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடும். தேர்மோஸ்டற்றைக் கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மேட்டில் ஏறும்போதும் பாரத்தோடு போகும்போதும் கொதிக்கும். குளிராக்கக் கழற்றியதே கொதிக்க வைக்கிறது.

சந்தேகமென்றால் வீட்டு அடுப்பிலேயே பாருங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தேர்மோஸ்டற்றின் வாய்க்குள் ஒரு நூல் நுனியை இறுகச் செருகி, அடியில் முட்டாமல் தொங்க விடுங்கள். தண்ணீரில் சின்னக் குமிழிகள் எழும்பத் தொடங்கும் நேரம், ஏறக்குறைய 82 பாகையில், வால்வு மெதுவாக வாய் திறக்கும். அப்போது நூல் நழுவித் தேர்மோஸ்டற் கீழே விழும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் விழாவிட்டால் அது பழுது, புதிது வாங்குங்கள்.

இனித் தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு, வெயில் காலத்தில் கிணற்றில் உப்புக் கரிப்பது புதிதல்ல. வாய்க்குத் தெரியாவிட்டாலும் அலுமினிய ஹெட்டுக்குத் தெரியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு ரேடியேற்றர்க் குழாயில் படியும். பல வருடத்துக்கு முன் கல்லடிப் பக்கத்து வான் ஒன்றின் ஹெட்டை நான் இறக்கினேன். தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றி அலுமினியம் எறும்பு தின்ற பணியாரம் போல் பொத்தல் பொத்தலாக இருந்தது. வோட்டர் பம்பின் இறக்கைகளில் பாதி இல்லை. ரேடியேற்றரின் மேல் தொட்டியைத் திறந்தால் குழாய் வாய்கள் வெற்றிலைக்குப் பூசின சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. அந்த வானுக்கு அதற்கு முன் இரண்டு தரம் புதுக் கேஸ்கட் போட்டிருந்தார்கள். கேஸ்கட்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்? உட்காரும் இடமே அரித்துப் போனால் எந்தக் கேஸ்கட்டும் நிற்காது. அந்த ஹெட் தேறவே இல்லை. மகளின் படிப்புக்கு வைத்திருந்த காசை எடுத்துத்தான் அந்த மனிதர் வேறு ஹெட் வாங்கினார். அதை நான் மறக்கவில்லை.

கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் ரேடியேற்றருக்கென்றே விற்கும் கூலண்ட் விடுங்கள். கலந்தே வருவது நல்லது. கெட்டியானதை வாங்கினால், பற்றரிக்கு விடும் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். சின்னக் காருக்கு ஐந்து, ஆறு லீற்றர் போகும். ஒரு கேஸ்கட் வேலையின் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. ரேடியேற்றர் மூடியையும் மாற்றுங்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு பாகையில் கொதிக்காமல் 120 பாகைக்குக் கிட்டப் போகும்வரை தாங்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். திறந்த நொடியில் அவ்வளவும் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் அடிக்கும்.

வாழைச்சேனை வாசகர்: ஓடும்போது டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. வால்வு வளைந்திருக்குமா?

என்ன எஞ்சின் என்று எழுதவில்லை. 5ஏ பெற்றோல் என்றால் பிஸ்டனும் வால்வும் முட்டாது, பெல்ட் மாற்றி ஓடலாம். 2சி, 3எல் போன்ற டொயோட்டா டீசல் என்றால் வளைந்திருக்கும், ஹெட்டை இறக்குங்கள். இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

ஆரையம்பதி வாசகர்: வளவில் மாமரக் கிளை இருக்கிறது. செயின் புளொக் கட்டி எஞ்சினை இறக்கலாமா? ஜக் வைத்தால் மணலில் புதைகிறது.

மாங்கிளையில் கட்டாதீர்கள். கியர் பெட்டியோடு சேர்த்தால் எஞ்சின் நூற்றைம்பது கிலோவுக்குக் கிட்ட வரும், பச்சைக் கிளையும் சொல்லாமல் முறியும். கிரேன் வாடகைக்கு எடுங்கள்.

மணலில் ஜக்கை நேரடியாக வைக்கவே கூடாது. இரண்டு அங்குலத் தடிப்பில், ஜக்கைவிட மூன்று மடங்கு அகலமான பலகையைப் போட்டு அதன் மேல் வையுங்கள். தூக்கிய உடனே, அதே மாதிரிப் பலகை மேல் ஜக் ஸ்டான்ட் இரண்டு வைத்து வாகனத்தை அதில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது வெடித்தால் ஒரேயடியாக நொறுங்கும்.

திருக்கோவில் வாசகர்: புகைக்குழாயைப் பிடிக்கும் எக்ஸோஸ்ட் ஸ்டட் ஒன்று ஹெட்டுக்குள் முறிந்துவிட்டது. துளை போட்டு எடுக்கவா?

கைத்துளையால் போடாதீர்கள். துளைக்கூர் இரும்பை விட்டு வழுக்கி மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கும். முறிந்த முனைக்கு மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங்காரரிடம் பற்ற வைத்துத் திருப்பினால் வரும், வெல்டிங் சூடே துருவை இளக்கும். கடற்கரைக் காற்றில் நிற்கிற வாகனத்துக்கு, மற்ற ஸ்டட்களில் கை வைக்க முதல்நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து ஊற விடுங்கள். முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பிறகு தளர்த்துங்கள்.

கிரான் வாசகர்: மாரி வெள்ளத்தில் காரின் பொனற் வரை தண்ணீர் ஏறியது. இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

பண்ணாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது, சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கொன்ரொட் வளையும். பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரமா என்று பாருங்கள். புளக் நான்கையும் கழற்றி, கிராங்க் புலியில் ஸ்பனர் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். புளக் துளையால் தண்ணீர் வரும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி புது ஒயில் விட்டுத் திரும்பச் சுற்றுங்கள். எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும் புதிது போட்டு ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஓடியதும் அந்த ஒயிலையும் இறக்கிவிட்டுத் திரும்பப் புதிது விடுங்கள். கியர் ஒயிலை மறக்காதீர்கள். அடியில் போவதென்றால் ஜக் ஸ்டான்ட்.

காத்தான்குடி வாசகர்: இறக்கின பழைய ஒயிலைக் கறையானுக்காக வேலிக் கட்டைக்கு ஊற்றலாமா?

வேண்டாம். நம் மணல் தரையில் ஊற்றியது நிற்காது, கீழே இறங்கும். கிணறு பத்துப் பதினைந்து அடியில்தான் இருக்கிறது. கானில் அடைத்துப் பக்கத்துச் சேர்விஸ் ஸ்டேசனில் கொடுங்கள்.