நுண்ணோக்கியில் பார்க்கும்போது வெங்காயத் தோலில் செல்லுக்குப் பதிலாகக் கறுப்பு வளையங்கள் தெரிவது ஏன்?

நீங்கள் பார்த்தவை செல்கள் அல்ல, காற்றுக் குமிழ்கள். கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, நடுவில் வெளிச்சம் என்றால் சந்தேகமே வேண்டாம். நீரும் காற்றும் சேரும் இடத்தில் ஒளி விலகிப் போவதால்தான் விளிம்பு கறுக்கிறது. வெங்காயச் செல்லோ செங்கல் அடுக்கியதுபோல நீளவாக்கில் இருக்கும்.

தோலையும் நீர்த்துளியையும் மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப்பை மேலிருந்து அப்படியே போட்டிருப்பீர்கள். ஒரு விளிம்பை மட்டும் நீர்த்துளியின் ஓரத்தில் தொடவைத்து, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் பிடித்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள். காற்று எதிர்ப்பக்கமாக வெளியேறிவிடும்.

உரிப்பதிலும் கவனம் தேவை. மேலே இருக்கும் காய்ந்த சருகு உதவாது. உள்ளே உள்ள சதைப்பற்றான இதழை முறித்தால், அதன் குழிந்த பக்கத்தில் கண்ணாடிக் காகிதம் போன்ற சவ்வு பிரியும். அதுவே ஒற்றைச் செல் அடுக்கு. அரை சென்டிமீட்டர் துண்டு போதும். உடனே நீரில் போடாவிட்டால் சுருண்டுகொள்ளும், மடிந்த இடத்தில் எதுவும் புலப்படாது.

சாயம் ஒரு சொட்டு, அயோடின் அல்லது சஃப்ரானின். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மிஞ்சியதை வடிதாளால் ஒற்றியெடுங்கள். முதலில் 10 மடங்குப் பொருளருகு லென்ஸ் (மாதிரிக்கு அருகில் இருக்கும் லென்ஸ்); எடுத்தவுடன் 40-க்குத் தாவினால் கவர் ஸ்லிப் உடையலாம்.

உட்கரு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒட்டியிருந்தால் அது பிழையில்லை. செல்லுக்குள் சாறு நிரம்பிய பெரிய பையான நுண்குமிழ் அதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், வெளிச்சம் படாத வெங்காயச் செதிலில் அது கிடையாது.